இரு வட்டுகள், ஒரே எழுத்துரிமை

வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவேடு, பயணச்சீட்டு முன்பதிவு என எதுவாயினும், அதன் தரவைத் தாங்கும் சர்வர் ஒன்று பழுதுபட்டால் இன்னொன்று உடனே அப்பணியை ஏற்க வேண்டும் என்பதற்காகவே பல சர்வர்களைப் பிணைத்துக் கிளஸ்டர் என்னும் அமைப்பை உருவாக்குகின்றனர். கணக்கிடும் வேலையை மட்டும் கைமாற்றுவது எளிது. அதே நிரலை வேறோர் இயந்திரத்தில் தொடங்கினால் போதும். தரவு அப்படி இடம்பெயர்வதில்லை. அதன் நகல் முன்கூட்டியே இரண்டாவது இயந்திரத்தில் இருந்தாக வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, பழுது நேர்ந்த கணத்தில் எந்த நகலில் எழுதும் உரிமை எந்த இயந்திரத்துக்கு உண்டு என்பதும் ஐயத்துக்கு இடமின்றித் தீர்மானிக்கப்பட வேண்டும். நகலெடுப்பது பொறியியல் சிக்கல். அது பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. எழுத்துரிமையைக் கைமாற்றுவதோ, அதாவது ஃபெயில்ஓவர், போதிய தகவல் இல்லாத நிலையில் முடிவெடுக்கும் சிக்கல். அதனால்தான் அதற்கான அமைப்புக் கோப்பின் ஒவ்வொரு வரியும், இன்னும் நிகழாத ஒரு விபத்துக்கு முன்னரே எழுதிவைக்கப்பட்ட தீர்ப்பாக நிற்கிறது.

லினக்ஸ் சர்வர்களில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் டிஆர்பிடி என்னும் மென்பொருளைக் கொண்டு இதைத் தெளிவாகக் காணலாம். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிலிப் ரைஸ்னர் தம் பட்ட ஆய்வேட்டுக்காகத் தொடங்கிய இந்தப் பணி, பின்னர் லின்பிட் நிறுவனத்தின் கையில் வளர்ந்து, 2010 பிப்ரவரியில் வெளிவந்த 2.6.33 பதிப்பு முதல் லினக்ஸ் கெர்னலின் ஒரு பகுதியாகவே ஆயிற்று. கோப்பு முறைமைக்கும் வட்டுக்கும் நடுவே அமர்ந்திருக்கும் டிஆர்பிடிக்குக் கோப்பு என்றால் என்ன, தரவுத்தளம் என்றால் என்ன என்பது எதுவும் தெரியாது; வட்டின் இன்ன இடத்தில் இன்ன பைட்டுகளை எழுது என்று மேலிருந்து வரும் ஆணையை, உள்ளூர் வட்டுக்கு ஒன்றும் வலையமைப்பு வழியே இணை சர்வருக்கு ஒன்றுமாக அனுப்பிவைப்பதே அதன் வேலை. இந்த அறியாமைக்கு ஒரு விலையும் உண்டு: முதன்மை இயந்திரத்தில் ஒருவர் தவறுதலாக ஓர் அட்டவணையை அழித்தால் அந்த அழிப்பும் அதே நொடியில் மறுபக்கம் சென்றுசேரும் என்பதால், இவ்வகை நகலை பேக்அப் என்று கருதுவது பெரும் பிழை.

இரு இயந்திரங்களுள் ஒன்று முதன்மை, மற்றது துணை. வழக்கமான ஏற்பாட்டில் முதன்மை மட்டுமே வட்டைத் திறந்து படிக்கவும் எழுதவும் முடியும். துணையில் அதைத் திறக்கக்கூட டிஆர்பிடி இடங்கொடுக்காது. இந்தக் கண்டிப்புக்குக் காரணம், எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் தம்மைத் தவிர வேறு யாரும் அந்த வட்டில் எழுதமாட்டார்கள் என்னும் நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டவை என்பதே. எந்த இடம் காலி, எந்த இடம் நிரம்பியது என்னும் கணக்கை அவை நினைவகத்தில் வைத்துக்கொண்டு இயங்குவதால், இரு இயந்திரங்கள் தத்தம் கணக்கை நம்பி ஒரே வட்டில் எழுதத் தொடங்கினால், சிறிது நேரத்திலேயே ஒன்றன் தரவை மற்றது அறியாமல் மேலெழுதிவிடும்.

அமைப்புக் கோப்பில் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எழுதி முடிந்தது என்று பயன்பாட்டு நிரலுக்கு எப்போது சொல்வது என்பதாகும். டிஆர்பிடி இதற்கு மூன்று நெறிமுறைகளை வைத்திருக்கிறது. ஏ என்னும் நெறிமுறையில், உள்ளூர் வட்டில் எழுதி, மறுபக்கத்துக்கான பொட்டலத்தை அனுப்பும் வரிசையில் சேர்த்துவிட்டாலே முடிந்ததாகக் கொள்ளப்படும். பி-யில் அந்தப் பொட்டலம் இணையின் நினைவகத்தை அடைந்திருக்க வேண்டும். சி-யில் இணையின் வட்டிலும் எழுதப்பட்டதாக ஒப்புகை வந்தாக வேண்டும். முதன்மை திடீரென மின்சாரம் இழந்தால், ஏ நெறிமுறையில் வரிசையில் காத்திருந்த எழுத்துகள் அத்தனையும் தொலையும். அவற்றுள் வாடிக்கையாளருக்குப் பணம் செலுத்தப்பட்டது என்று அறிவித்துவிட்ட பரிவர்த்தனைகளும் இருக்கலாம். சி நெறிமுறையில் அப்படியோர் இழப்பு நேராது. ஆனால் அதன் செலவைத் தூரம் நிர்ணயிக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் மட்டுமே செல்வதால், ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் போய்த் திரும்ப 1 மில்லிவினாடி ஆகும். நேர்க்கோட்டில் 1,000 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான சென்னை, மும்பை இடைவெளியில் ஒவ்வோர் எழுத்தும் குறைந்தது 10 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் கருவியை வாங்கினாலும் இந்தக் காத்திருப்பைக் குறைக்க இயலாது. அதனால்தான் ஒரு பைட்டும் தொலையக் கூடாத நகலை அதே நகரத்திலோ பக்கத்து நகரத்திலோ வைத்துவிட்டு, வெள்ளம், நிலநடுக்கம் போன்ற பேரிடர்களுக்கான தொலைதூர நகலைச் சிறிது பின்தங்கி ஓட விடுகின்றனர்.

இணைப்பு அறுந்து மீண்டும் வரும்போது முழு வட்டையும் மறுபடி அனுப்ப வேண்டியதில்லை என்பது டிஆர்பிடியின் இன்னொரு நல்ல ஏற்பாடு. வட்டின் ஒவ்வொரு 4 கிலோபைட்டுக்கும் ஒரு பிட் என ஒரு வரைபடத்தை அது வைத்திருக்கிறது. இணை இல்லாத வேளையில் எந்தப் பகுதி மாறியதோ அதற்குரிய பிட் மட்டும் உயர்த்தப்படும். 1 டெராபைட் வட்டுக்கு இந்த வரைபடம் வெறும் 32 மெகாபைட்தான். இணை திரும்பியதும் உயர்த்தப்பட்ட பிட்டுகளுக்குரிய பகுதிகள் மட்டும் அனுப்பப்படும். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: இந்த ஒத்திசைவு நடந்துகொண்டிருக்கும்போது துணையின் வட்டு பழையதும் புதியதும் கலந்த நிலையில், அதாவது எந்தக் காலத்துக்கும் உரியதல்லாத நிலையில் இருப்பதால், அந்த இடைவேளையில் முதன்மை விழுந்தால் துணையால் பொறுப்பேற்க முடியாது. டிஆர்பிடி அதை முரண்பட்ட வட்டு என்று குறித்து, முதன்மையாக உயர்த்த மறுத்துவிடும்.

யார் முதன்மை என்பதை டிஆர்பிடி தானாக முடிவுசெய்வதில்லை. வழக்கமாக அது கிளஸ்டர் மேலாண்மை மென்பொருளின் பணி. லினக்ஸில் கோரோசிங்க் என்பது சர்வர்களுக்கிடையே செய்திகளைச் சுற்றிவிட்டு யார் உயிரோடிருக்கிறார் என்று கண்காணிக்க, பேஸ்மேக்கர் அந்தத் தகவலை வைத்து எந்தச் சேவையை எங்கே தொடங்குவது, நிறுத்துவது என்று ஆணையிடுகிறது. ஃபெயில்ஓவர் என்பது உண்மையில் ஒரு வரிசை: டிஆர்பிடியை முதன்மையாக உயர்த்துதல், கோப்பு முறைமையை மவுண்ட் செய்தல், தரவுத்தளத்தைத் தொடங்குதல், கடைசியில் வாடிக்கையாளர்கள் தேடிவரும் ஐபி முகவரியைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றி, அந்த முகவரி இப்போது இங்கே என்று வலையமைப்புக்கு அறிவித்தல். இந்த வரிசையையும், இவை யாவும் ஒரே இயந்திரத்தில்தான் நடக்க வேண்டும் என்பதையும் தனித்தனி விதிகளாக எழுத வேண்டும். வரிசை விதியை எழுதிவிட்டு இட விதியை மறந்தவரின் கிளஸ்டரில், ஒரு சர்வரில் வட்டு முதன்மையாகவும் வேறொரு சர்வரில் கோப்பு முறைமை தொடங்க முயன்று தோற்றுக்கொண்டும் இருக்கும்.

இதுவரை சொன்னவை நேர்த்தி சார்ந்தவை. உண்மையான இடர் கண்காணிப்பில் இருக்கிறது. கோரோசிங்கின் செய்தி குறித்த காலத்துக்குள் திரும்பாவிட்டால் இணை இழந்ததாகக் கருதப்படும். பழைய பதிப்புகளில் இந்தக் கெடு இயல்பாக 1,000 மில்லிவினாடி, புதியவற்றில் 3,000. கெடுவைக் குறைத்தால் ஃபெயில்ஓவர் விரைவாகும். ஆனால் சுவிட்ச் ஒன்று ஓரிரு நொடி தடுமாறினாலும், மெய்நிகர் இயந்திரம் ஒன்று சற்றே உறைந்து நின்றாலும் உயிருள்ள சர்வர் இறந்ததாக அறிவிக்கப்படும். கூட்டினால் வீண் எச்சரிக்கை குறையும், சேவை இல்லாத நேரம் நீளும். இவ்விரண்டுக்கும் நடுவே எந்த எண்ணைத் தேர்ந்தாலும் அடிப்படைக் கேள்வி தீர்வதில்லை: பதில் சொல்லாத சர்வர் இறந்துவிட்டதா, உயிரோடிருந்தும் எட்டாமல் போய்விட்டதா என்பதை, அதனோடு பேச முடியாத இன்னொரு சர்வரால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அறிய இயலாது. செய்தி தாமதமாவதற்கு மேல்வரம்பு இல்லாத அமைப்பில், ஓர் இயந்திரம் பழுதாகக்கூடும் என்றாலே, எல்லாச் சூழ்நிலையிலும் உறுதியாக உடன்பாட்டுக்கு வரும் வழிமுறை இருக்க முடியாது என்று மைக்கேல் ஃபிஷர், நான்சி லின்ச், மைக்கேல் பேட்டர்சன் ஆகிய மூவர் 1985இல் வெளியிட்ட நிறுவலும் இந்த இக்கட்டின் ஆழத்தையே காட்டுகிறது.

இரு சர்வர்களுக்கும் நடுவே உள்ள கேபிள் மட்டும் அறுகிறது, இரண்டும் நலமாக இருக்கின்றன என்று கொள்வோம். துணை, முதன்மை இறந்ததாக எண்ணித் தன்னை உயர்த்திக்கொள்கிறது. பழைய முதன்மையோ, இணை இறந்தது, நாம் தொடர்வோம் என்று எழுதிக்கொண்டே போகிறது. சில வாடிக்கையாளர்கள் இங்கும் சிலர் அங்குமாகச் சென்றுசேர, 5001 என்னும் ஆணை எண் ஒரு வட்டில் ஒருவருக்கும் மற்ற வட்டில் வேறொருவருக்கும் வழங்கப்படுகிறது. ஸ்பிளிட் பிரெயின் எனப்படும் நிலை இதுவே. இணைப்பு திரும்பியதும் இரண்டு டிஆர்பிடிகளும் தத்தம் தரவுத் தலைமுறையைக் குறிக்கும் அடையாள எண்களை ஒப்பிட்டு, ஒரே புள்ளியிலிருந்து கிளைத்து இருபுறமும் மாறிவிட்டதைக் கண்டறிந்து, இணைப்பைத் துண்டித்துத் தனித்து நின்றுவிடும். அதற்குமேல் எந்தப் பக்கத்தின் மாற்றங்களைக் கைவிடுவது என்று ஒரு மனிதர் முடிவுசெய்து ஆணையிட வேண்டும். இரண்டையும் ஒன்றாக்க வழியில்லை. கோப்பையே அறியாத மென்பொருள் எதை எதனோடு சேர்க்கும்?

இந்த முடிவைத் தானியங்கியாக்கும் வசதியும் இருக்கிறது. பிளவுக்குப் பின் முதன்மையானதைக் கைவிடு, குறைவாக மாறியதைக் கைவிடு, எதுவுமே மாறாத பக்கத்தைக் கைவிடு என்று பல கொள்கைகளுள் ஒன்றை எழுதிவைக்கலாம். கடைசியாகச் சொன்னது மட்டுமே தீங்கற்றது; ஒரு பக்கத்தில் எதுவும் எழுதப்படவில்லை என்றால் அதைக் கைவிடுவதில் இழப்பில்லை. மற்றவை யாவும், ஒரு பகுதிப் பரிவர்த்தனைகளை யாரிடமும் கேட்காமல் அழித்துவிடலாம் என்று கணினிக்குக் கொடுக்கும் முன்னனுமதி. குறைவாக மாறியது என்பது முக்கியத்துவம் குறைந்தது என்று பொருள்படாது. பத்தாயிரம் பதிவேட்டு வரிகளைவிட ஒரு பணப் பரிமாற்றம் பெரிது. இவ்வசதியைப் பயன்படுத்துவோர் பலர் அதைத் தீர்வு என்று நினைத்தே பயன்படுத்துகின்றனர். அது செய்வதெல்லாம், நிகழ்ந்த இழப்பைப் பார்வையிலிருந்து அகற்றுவது மட்டுமே.

பிளவே நேராமல் தடுக்க இரண்டு கருவிகள் உண்டு. முதலாவது கோரம்: ஒரு சங்கத்தின் பொதுக்குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் இருந்தால்தான் தீர்மானம் செல்லும் என்பதைப் போல, கிளஸ்டரின் பாதிக்கு மேற்பட்ட சர்வர்களைக் காண முடிகிற தரப்பு மட்டுமே எழுதலாம். பெரும்பான்மை இரண்டு இருக்க முடியாது என்பதே இதன் வலிமை. இரண்டே சர்வர்கள் உள்ள கிளஸ்டரில் ஒன்று போனால் மிஞ்சுவது பாதிதான் என்பது இதன் பலவீனம். கோரோசிங்கில் இரு சர்வர் கிளஸ்டருக்கென்றே உள்ள சலுகை, ஒரே வாக்கையும் கோரமாக ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக முதல் தொடக்கத்தின்போது மட்டும் இரண்டும் ஒன்றையொன்று கண்டாக வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. இது ஒரு சமாளிப்பே. டிஆர்பிடியின் 9ஆம் பதிப்பு தரவு மட்டத்திலேயே கோரத்தைக் கொண்டுவந்ததோடு, வட்டே இல்லாத மூன்றாவது சர்வர் ஒன்றை வாக்களிக்க மட்டும் சேர்த்துக்கொள்ளவும் இடமளிக்கிறது. எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் பழைய இயந்திரம்கூட இதற்குப் போதும். கோரம் இழந்த முதன்மை என்ன செய்ய வேண்டும் என்பது தனி அமைப்பு: எழுத்தைப் பிழையென்று திருப்பிவிடச் சொல்லலாம், அல்லது கோரம் மீளும்வரை உறைந்து நிற்கச் சொல்லலாம். பிழையைத் திருப்பினால் சேவை உடனே நின்று வேறிடத்தில் தொடங்க வழி பிறக்கும்; உறைந்து நின்றால் குறுகிய தடங்கல் யாருக்கும் தெரியாமல் கடந்துபோகும்.

இரண்டாவது கருவி ஃபென்சிங், அதாவது மௌனமான சர்வரை நிச்சயமாக ஓரங்கட்டுதல். இறந்துவிட்டதா என்று அறிய முடியாதபோது, இறந்ததாக ஆக்கிவிடுவதே ஐயத்தைத் தீர்க்கும் வழி என்னும் கொடூரமான, ஆனால் பிழையற்ற தர்க்கம் இது. மின்பகிர்மானக் கருவிக்கோ சர்வரின் தாய்ப்பலகையிலுள்ள ஐபிஎம்ஐ என்னும் தொலைமேலாண்மைச் சில்லுக்கோ கட்டளை அனுப்பி மின்சாரத்தைத் துண்டித்து, துண்டிக்கப்பட்டது என்ற உறுதி கிடைத்த பின்னரே துணை தன்னை உயர்த்திக்கொள்ளும். டிஆர்பிடியின் பக்கமும் இதற்குரிய அமைப்பு உண்டு. அதில் கடுமையான கொள்கையைத் தேர்ந்தால், இணைப்பு அறுந்த கணத்தில் முதன்மை எழுத்துகள் அனைத்தையும் நிறுத்திவைத்து, இனி இணை முதன்மையாகக் கூடாது என்ற தடைவிதி கிளஸ்டரில் பதிவான பிறகே அவற்றை விடுவிக்கும். அந்த ஓரிரு நொடி உறைவுதான் இரு பக்கமும் ஒருசேர எழுதும் வாய்ப்பை அடைக்கிறது.

இதன் நுணுக்கங்கள் பட்டறிந்தவர்களுக்கே புலப்படும். ஐபிஎம்ஐ சில்லு சர்வரின் மின்சாரத்தையே நம்பியிருப்பதால், மின்கம்பி பிடுங்கப்பட்ட சர்வரை ஐபிஎம்ஐ வழியே அணைக்க முயன்றால் பதில் வராது. பதில் வராவிட்டால் ஃபென்சிங் தோற்றதாகக் கருதி, நலமாக இருக்கும் துணையும் பொறுப்பேற்காமல் காத்திருக்கும். ஆகவே மின்பகிர்மானக் கருவியை இரண்டாவது வழியாக எழுதிவைப்பது தேவை. கேபிள் மட்டும் அறுந்த வேளையில் இரண்டும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று அணைக்க முனைந்து இரண்டுமே அணைந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒன்றுக்கு மட்டும் சில நொடித் தாமதம் வைப்பதும் தேவை. ஃபென்சிங் கருவி எதுவும் குறிப்பிடப்படாவிட்டால் பேஸ்மேக்கர் எந்தச் சேவையையும் தொடங்க மறுக்கும் என்பதால், அந்தப் பிழைச்செய்தியைப் போக்க ஃபென்சிங்கையே முடக்கச் சொல்லும் குறிப்புகள் ஏராளமாக உலவுகின்றன. சோதனைக் கூடத்துக்கு எழுதப்பட்ட அந்த ஒரு வரி, மாற்றப்படாமலே உற்பத்திச் சூழலுக்குள் நுழைந்துவிடுகிறது.

இவை ஏட்டளவிலான அச்சங்கள் அல்ல. நிரலாளர்களின் களஞ்சியமான கிட்ஹப், அந்நாளில் தன் கோப்புச் சர்வர்களை டிஆர்பிடி, பேஸ்மேக்கர், ஹார்ட்பீட் என்னும் கண்காணிப்பு மென்பொருள் ஆகியவற்றைக் கொண்டு இரண்டிரண்டாகப் பிணைத்து வைத்திருந்தது. 2012 டிசம்பர் 22 அன்று வலையமைப்புச் சுவிட்சுகளில் நடந்த ஒரு மேம்படுத்தலின்போது ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் போக்குவரத்து தடைபட்டது. சர்வர்கள் எதுவும் பழுதாகவில்லை. ஆனால் காத்திருப்புக் கெடு கடந்ததால் பல இணைகளில் ஒவ்வொன்றும் மற்றதை இறந்ததாகக் கருதி அணைக்கும் கட்டளையைப் பிறப்பித்தது. அந்தக் கட்டளைகள் செல்ல வேண்டிய வழியும் அதே தடைபட்ட வலையமைப்பே என்பதால் சில உரிய நேரத்தில் சென்றுசேரவில்லை. வலையமைப்பு மீண்டதும் சில இணைகளில் இரண்டும் தாமே முதன்மை என்று நின்றன. சிலவற்றில் ஒன்றையொன்று அணைத்து இரண்டுமே வீழ்ந்தன. எந்த வட்டில் புதிய தரவு இருக்கிறது என்று இணை இணையாகச் சரிபார்த்து மீட்க ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. ஃபென்சிங் கட்டளை செல்லும் பாதை, தரவு செல்லும் பாதையிலிருந்து வேறாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதற்கு நேர்மாறான விபத்து மும்பையில் நிகழ்ந்தது. தேசியப் பங்குச் சந்தையில் 2021 பிப்ரவரி 24 அன்று முற்பகல் 11.40க்கு வணிகம் நிறுத்தப்பட்டு, பிற்பகல் 3.45க்கு மீண்டும் தொடங்கி, வழக்கத்துக்கு மாறாக 5 மணிவரை நீட்டிக்கப்பட்டது. சந்தை பின்னர் அளித்த விளக்கத்தின்படி, முதன்மைத் தரவு மையத்துக்கும் அருகிலுள்ள மாற்று மையத்துக்கும் இடையிலான தொலைத்தொடர்பு இணைப்புகள், சாலையில் நடந்த தோண்டுதல், கட்டுமானப் பணிகளால் நிலைகுலைந்தன. அதைத் தொடர்ந்து முதன்மை மையத்தின் சேமிப்பகமே அங்கிருந்த சர்வர்களுக்கு எட்டாமல் போய், இடர் மேலாண்மை அமைப்பு செயலிழந்தது. நகல் அனுப்பும் பாதை அறுந்தால் முதன்மை தனித்து இயங்க வேண்டும் என்பதே வடிவமைப்பில் எதிர்பார்த்தது. சேமிப்பகத்தில் அமைக்கப்பட்டிருந்த ஃபெயில்ஓவர் தர்க்கமோ அதற்கு இணங்கவில்லை. கிட்ஹப்பில் இரு தரப்பும் அளவுக்கு மீறி உரிமை கோரின என்றால், இங்கே உரிமையுள்ள தரப்பே எழுத மறுத்து நின்றது. இரண்டிலும் பழுதானது இணைப்பு, சர்வரோ வட்டோ அல்ல என்பது குறிப்பிடத்தக்கது.

பழுதான சர்வர் சீராகித் திரும்பியதும் பணியை அதனிடமே ஒப்படைப்பதா என்ற கேள்வியும் அமைப்புக் கோப்புக்குள் வருகிறது. பேஸ்மேக்கரில் ஒட்டுதன்மை என்றொரு மதிப்பு உண்டு. அதை 0 ஆக விட்டு, முதல் சர்வருக்கு முன்னுரிமையும் கொடுத்திருந்தால், அது திரும்பிய உடனே சேவை இரண்டாம் முறையாக நின்று இடம்பெயரும். கோளாறுள்ள நினைவகத்தால் அடிக்கடி விழுந்தெழும் சர்வராக இருந்தால் சேவை நாளெல்லாம் ஊசலாடும். ஏற்ற இடத்தில் தங்கியிருக்கட்டும், திரும்புவதை மனிதர்கள் அமைதியான நேரத்தில் செய்யட்டும் என்று மதிப்பை உயர்த்திவைப்பதே பெரும்பாலான இடங்களில் விவேகம்.

கடைசியாகச் சோதனை. சர்வரை முறைப்படி நிறுத்தி, சேவை மறுபக்கம் சென்றதைக் கண்டு மகிழ்வது சோதனை ஆகாது. ஏனெனில் முறைப்படி நிற்கும் சர்வர் தான் விலகுவதைத் தெரிவித்துவிட்டே விலகுகிறது, இக்கட்டுரையில் பேசப்பட்ட மௌனம் அங்கே எழுவதே இல்லை. நகல் பாதையின் கேபிளை மட்டும் பிடுங்குதல், கண்காணிப்புப் பாதையை மட்டும் ஃபயர்வால் விதியால் அடைத்தல், கெர்னலை வேண்டுமென்றே நிலைகுலையச் செய்தல், மின்கம்பியை ஐபிஎம்ஐயோடு சேர்த்துத் துண்டித்தல் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே, உண்மையான எழுத்துச் சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது செய்து பார்க்க வேண்டும். சேவை மீள எடுக்கும் நேரத்தை அளக்கையில், வட்டை உயர்த்துவதும் முகவரியை மாற்றுவதும் நொடிகளில் முடிந்துவிட, திடீரென நின்றுபோன தரவுத்தளம் தன் பதிவேட்டைப் படித்து அரைகுறைப் பரிவர்த்தனைகளைச் சரிசெய்வதே பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொள்வதைப் பல நேரங்களில் காணலாம். பேஸ்மேக்கரில் அந்தத் தொடக்கத்துக்கு வைத்த கெடு அதைவிடக் குறைவாக இருந்தால், மீண்டுகொண்டிருக்கும் தரவுத்தளத்தையே தோற்றதாக எண்ணி அது நிறுத்திவிடும்.